எந்தப் பிரிவானாலும் சம்மதம்

சூப் கிண்ணங்களை எடுத்தாயிற்று. மணி ஒன்று ஆறு. கடிகாரம் அட்மிரலின் தலைக்கு நேர் மேலே மாட்டியிருப்பது ஒரு வசதி. மணி பார்த்தாலும் விருந்தாளியைக் கவனிப்பது மாதிரியே இருக்கும். குதிகால் இரண்டும் சேர்ந்து, இடது முன்கையில் மடித்த வெள்ளைத் துணி, கைகளில் வெள்ளை உறை, முதுகுக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி. சுவரில் சாயக் கூடாது. இருமக் கூடாது. மேஜையில் பேசுவது காதில் விழக் கூடாது, விழுந்தாலும் முகத்தில் தெரியக் கூடாது. ஒன்று ஆறு. விண்ணப்பத்தை இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று செல்வி சொன்னாள். இரண்டு மணிக்கு மூடினால் இன்னும் ஐம்பத்து நாலு நிமிஷம். என் தங்கை மாரிச்செல்வி இப்போது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு நெட் சென்டரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கடற்படையில் சேர விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள், அதுவும் என்னைப் பார்த்து. நான் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு துறைமுக ஊரில், அதிகாரிகள் சாப்பிடும் மண்டபத்தில், சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறேன். காலையில் பத்தரைக்குக் கூப்பிட்டாள். நாப்கின்களை விசிறி மாதிரி மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணே, எல்லாம் முடிஞ்சுருச்சு. கடைசிக் கட்டத்துல மட்டும் ஒண்ணு கேக்குதுண்ணே. எந்தப் பிரிவு ஒதுக்கினாலும் சம்மதமான்னு இருக்கு. ஆமான்னு போடவா, இல்லன்னு போட்டு எலக்ட்ரிக்கல் மட்டும்னு போடவா? இங்க சென்டர் அக்கா ஆமான்னு போட்டாத்தான் கூப்புடுவாங்கன்னு சொல்லுது. நீ சொல்லு." அந்த நேரம் பார்த்துத்தானா இந்த மெஸ்ஸுக்குப் பொறுப்பான கமாண்டர் உள்ளே வரவேண்டும். நான் போனைக் கீழே இறக்கிக்கொண்டே "சரி சரி, போடு" என்றேன். எதைச் சரி என்றேன், எதைப் போடு என்றேன். அவள் எதை எடுத்துக்கொண்டிருப்பாள். அட்மிரல் தண்ணீர் டம்ளரைத் தொட்டார், அரை அங்குலம் குறைந்திருக்கிறது, போய் ஊற்றிவிட்டு வந்தேன். ஒன்று ஏழு.

செல்வி அவசரப்படுகிறவள் இல்லை. அதுதான் எனக்கு இருக்கும் ஒரே தெம்பு. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை திருகிப் பார்ப்பாள். பரீட்சையில் கடைசி மணி அடிக்கும்வரை பேப்பரைக் கொடுக்க மாட்டாள். இரண்டு மணி வரை நேரம் இருக்கும்போது பத்தரைக்கே அமுக்கிவிடுவாளா? மாட்டாள். வீட்டுக்கு ஒரு எட்டு போய் அம்மாவிடம் கேட்டிருப்பாள், அப்பாவிடம் கேட்டிருப்பாள், அவர் தறியை நிறுத்தாமலே "அண்ணங்காரன் என்ன சொன்னான்? அதைப் போடு" என்றிருப்பார், திரும்ப என்னைக் கூப்பிட்டிருப்பாள். கூப்பிட்டிருப்பாள், ஆனால் என் போன் இங்கே இல்லை. கமாண்டர் நகர்ந்து நான் திரும்பக் கூப்பிடுவதற்குள், அட்மிரல் வருகிறார் என்று பதினொரு மணிக்கே எல்லார் போனையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மெஸ் அலுவலகத்தில் வைத்துவிட்டார்கள், முற்றத்தைத் தாண்டி, வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம். அந்த டின்னுக்குள் என் போன் இப்போது அதிர்ந்துகொண்டிருக்கும். ஐந்து தடவை, ஆறு தடவை. ஓடினால் ஒரு நிமிஷம், பேச ஒரு நிமிஷம், திரும்ப ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம் இந்தச் சுவர் ஆளில்லாமல் இருந்தால் என்ன குடிமுழுகிப் போகும்? என் எதிரே இன்னொரு சுவரோரம் நிற்கிறான் பிரதான், ஒடிஸாக்காரன், என்னோடு ஒரே வருஷம் சேர்ந்தவன். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. நல்ல ஸ்டூவர்ட் முகம் அப்படித்தான் இருக்கும். என் முகத்தில் என்ன இருக்கிறதோ, அட்மிரல் நிமிர்ந்து பார்க்காமல் இருந்தால் சரி.

ஸ்டூவர்ட். மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போதுகூட யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இருக்கிறது. எட்டு வருஷமாக நான் ஸ்டூவர்ட். அதிகாரிகளுக்குப் பரிமாறுகிறவன், மேஜை போடுகிறவன், அவர்களுடைய வெள்ளைச் சட்டைக்குப் பட்டன் சரிபார்க்கிறவன். ஊரில் எட்டு வருஷமாக நான் கடற்படை எலக்ட்ரிக்கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது, விண்ணப்பத்தின் மூன்றாவது பக்கம், கடைசிக் கட்டம். நீலக்கடல் பயிற்சி மையத்தில் தார்ப்பாயில் நாற்பது பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம், மடியில் பரீட்சை அட்டை, அதன்மேல் விண்ணப்பம். மையத்தை நடத்திய முன்னாள் கடற்படைக்காரர் தவமணி சார் முன்னால் நின்று சொல்லச் சொல்ல நாற்பது பேரும் ஒரே மாதிரி எழுதவேண்டும், அதுதான் அங்கே வழக்கம், தனியாக யாரும் ஒரு எழுத்தும் வைக்கக் கூடாது. ஒருத்தன் தப்பாக எழுதினால் நாற்பது பேரும் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருப்போம். "மூணாவது பக்கத்துக்கு வாங்கடா. கடைசிக் கட்டம். எந்தப் பிரிவானாலும் சம்மதம். எழுது." எழுதினோம். என் பக்கத்தில் இருந்த ஜெரோம்தான் கேட்டான், எந்தப் பிரிவும்னா என்னென்ன சார் என்று. தவமணி சார் மீசையைத் தடவிக்கொண்டு, "ஏலே, உனக்குக் கப்பல்ல ஏறணுமா, கேள்வி கேக்கணுமா?" என்றார். முப்பத்தொன்பது பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். "உள்ள போறதுதாண்டா கஷ்டம். போயிட்டா ஆறு மாசத்துல பிரிவு மாத்திக்கலாம். நான் மாத்துனவன்தானே, எனக்குத் தெரியாதா?" அவர் எதிலிருந்து எதுக்கு மாறினார் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது எனக்குத் தெரியும், இங்கே வந்தபிறகு ஒரு பழைய ஆள் சொன்னார், தவமணி சார் கடைசி நாள்வரை சமையல் பிரிவில்தான் இருந்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வருவதில்லை. அவரும் ஊரில் ஏதோ ஒன்று சொல்லி வைத்திருந்திருப்பார், அதைக் காப்பாற்றப் பயிற்சி மையமே வைக்க வேண்டியதாகிவிட்டது. ஜெரோமுக்கு இஞ்சின் பிரிவு கிடைத்தது, அது வேறு. கேள்வி கேட்டவனுக்குக் கிடைத்தது என்று சொல்ல முடியாது, அவனும் அதே சம்மதத்தைத்தான் எழுதியிருந்தான். யாருக்கு எது விழும் என்பது எங்கே எத்தனை ஆள் குறைகிறது என்பதைப் பொறுத்தது. கையெழுத்துப் போட்ட தாளில் அது தெளிவாகவே இருந்தது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், யாரும் என்னை ஏமாற்றவில்லை, சின்ன எழுத்தில் இருந்தாலும் தெளிவாகத்தான் இருந்தது.

மீன். இடது தோள் பக்கம் குனிந்து தட்டை நீட்டவேண்டும், கரண்டியின் பிடி சாப்பிடுகிறவர் பக்கம், என் மூச்சு அவர் காதில் படக் கூடாது. பரிமாறுவது இடது பக்கம், தட்டு எடுப்பது வலது பக்கம். பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதுதான், காலித் தட்டுகளையும் காலி நாற்காலிகளையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் இதையே செய்தோம். அட்மிரல் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார், நிதானமாக, கொத்தமல்லியை ஒதுக்கினார். சாப்பிடுங்கள் ஐயா, கொஞ்சம் வேகமாகச் சாப்பிடுங்கள், முள் எடுத்த மீன்தான். ஒன்று பதினான்கு. பிரிவு ஒதுக்கிய பட்டியலை ஒட்டிய நாளும் இப்படித்தான் வெயில். மைதானத்தின் ஓரத்தில் பலகை, அதில் ஏழெட்டுத் தாள். எலக்ட்ரிக்கல் தாளில் மேலிருந்து கீழ் பார்த்தேன், கீழிருந்து மேல் பார்த்தேன். இஞ்சின் பார்த்தேன். ரேடியோ பார்த்தேன். என் பெயர் கடைசித் தாளில் இருந்தது, காளிராஜ் மு., எழுத்துப் பிழைகூட இல்லாமல். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் பேச வரிசை. ஐந்து நிமிஷம் ஒருவருக்கு. அப்பா எடுத்ததும், "ஏப்பா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், தெருவே இங்கதான் இருக்கு, என்ன பிரிவு குடுத்தாங்க சொல்லு" என்றார். பின்னால் தறிச் சத்தம் இல்லை. எனக்குத் தெரிந்து பகலில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் இல்லாமல் இருந்ததே இல்லை. எனக்காக நிறுத்தியிருக்கிறார்கள், பதினைந்து இருபது தறிகளை. அந்த நிசப்தத்தில் நான் எப்படி அந்த வார்த்தையைச் சொல்வேன்? "எலக்ட்ரிக்கல்ப்பா" என்றேன். ஆறு மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று தவமணி சார் சொல்லியிருக்கிறாரே, ஆறு மாதம் முன்கூட்டிச் சொன்னால் பொய்யா என்ன? கைதட்டினார்கள். ஸ்பீக்கரில் கைதட்டல் கரகரவென்று கேட்டது.

பயிற்சி முடிந்து முதல் விடுமுறைக்குப் போனபோது பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். என் முகத்தை வெட்டி யாரோ ஒருவருடைய சீருடைமேல் ஒட்டி, பின்னால் ஒரு போர்க்கப்பல், அதன்மேல் மின்னல். மின்னல் எலக்ட்ரிக்கலுக்காக. அது போதாதென்று மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு ராக்கம்மா மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், "கப்பலையே ஓட்டுறவனுக்கு இது என்ன பிரமாதம், பாருய்யா." நான் ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கு முன்னாலும் ஒரு மாதம் போனில் வீடியோ பார்த்துப் படிப்பேன், மிக்ஸி, ஃபேன், தண்ணி மோட்டார், அம்மன் கோயில் ஆம்ப்ளிஃபயர். ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். பையில் துணிக்கு நடுவில் அது போகும். மேஜை போடுகிற கையால் இரண்டு வாரம் ஒயர் முறுக்கிவிட்டுத் திரும்ப வந்து மேஜை போடுவேன். சிரிக்கத்தான் தோன்றுகிறது, ஆனால் இதில் செல்வி இருக்கிறாள். பன்னிரண்டு வயசில் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். "அண்ணே, இந்தச் செகப்பு ஒயர் ஏன் இங்கிட்டு வருது?" எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி ஏதோ சொல்வேன், அவள் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டுவிட்டு வந்து, "நீ சொன்னது தப்புண்ணே" என்று சிரிப்பாள். பிறகு அவளே திறப்பாள், அவளே சேர்ப்பாள், நான் டார்ச் பிடிப்பேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் எடுத்தாள், அந்த வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேரில் பெண்கள் நாலு பேர். ஏன் இதை எடுத்தாய் என்று கேட்ட ஆசிரியரிடம் எங்க அண்ணன் கடற்படையில எலக்ட்ரிக்கல் சார் என்றாளாம். பொய்யில் முளைத்து நிஜமாகவே வளர்ந்துவிட்டாள். அவளுக்கு வேலை தெரியும், எனக்குத் தெரியாது, அவள்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கும் காளிராஜ். அவளிடம் போய் நான் சரி சரி போடு என்றிருக்கிறேன்.

ஒன்று இருபத்திரண்டு. கெண்டைக்கால் இழுக்கிறது, விரல்களை ஷூவுக்குள் மடக்கி மடக்கி விரித்தால் சரியாகும். மேஜையில் பேச்சு புதிதாகச் சேர்கிற பெண்களைப் பற்றித் திரும்பியிருக்கிறது. காதில் விழக் கூடாது. விழுகிறது. நன்றாகப் படித்தவர்கள் வருகிறார்கள் என்கிறார் அட்மிரல், தெற்கிலிருந்து நிறைய விண்ணப்பம் என்கிறார். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், எல்லாப் பிரிவுக்கும் எடுக்கிறோம் சார், இந்த முறை மெஸ் பிரிவில்தான் ஆள் ரொம்பக் குறைவு என்கிறார். அட்மிரல், அங்கேயும் போடுங்கள், ஏன் கூடாது, என்று உருளைக்கிழங்கைக் கத்தியால் இரண்டாக வெட்டுகிறார். சாதாரணமாகச் சொன்னார். அவர் சொல்வதில் தப்பும் இல்லை. ஆனால் எனக்கு அந்த உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் செல்வி தெரிகிறாள், வெள்ளை உறை போட்ட கையோடு, ஒருவருடைய இடது தோள் பக்கம் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவள் விரல் நுனிகளில் சால்டரிங் சுட்ட தழும்பு இருக்கிறது, உறைக்குள் போனால் தெரியாது. இந்த வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. எதிரே நிற்கும் பிரதான் இதைக் கேட்டு வாங்கினான், சேர்ந்த அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டான், தான் போட்ட மேஜையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறான், அந்த அம்மா அதை வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அவன் நிற்பதைப் பார்த்தால் தெரிகிறது, அவனுக்குக் கால் இழுக்கவில்லை. எனக்குத்தான் எட்டு வருஷமாக இழுக்கிறது. செல்விக்கும் இழுக்கும். அவள் வீட்டுக்குப் போன் பண்ணி என்ன சொல்வாள்? அவளும் எலக்ட்ரிக்கல் என்று சொல்லிவிட்டால்? தெரு மறுபடி கைதட்டினால்? வேண்டாம். போய்விடலாம். பிரதானைப் பார்த்துக் கண்ணால் கேட்டேன், நான் மூன்று நிமிஷம் போகிறேன், என் பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறாயா. அவன் இமையைத் தாழ்த்தினான், போ. ஒரு அடி எடுத்து வைத்தேன். மேஜைக் கோடியிலிருந்து கமாண்டர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, ஒரு விரலால் அட்மிரலின் ரொட்டித் தட்டைக் காட்டினார். எடுத்த அடி ரொட்டிக் கூடைப் பக்கம் போனது. என் கால்கள் என்னைக் கேட்பதே இல்லை.

கமாண்டர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கத்துகிறவராக இருந்தால் எப்போதோ வாய் திறந்திருப்பேன். காலையில் நாப்கின்களைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டி, "ராஜ், இன்னிக்கு விருந்து சுத்தமா நடக்கட்டும். உன் பதவி உயர்வு ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு. சாயங்காலம் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிடறேன்" என்றார். பெட்டி ஆபீசர். எனக்கு மேலே அடுத்த படி. பெட்டி ஆபீசர் ஆனால் பிரிவு மாற்றத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்று போன வருஷம் அவர்தான் சொன்னார். ஆரம்பத்தில் இருந்த அதிகாரி முதல் கப்பலில் ஒரு வருஷம் முடியட்டும் என்றார். முடிந்தது. அடுத்தவர் ஒரு பரீட்சை இருக்கிறது, எழுதினால் அதிகாரியாகவே ஆகலாம் என்றார், விடிய விடியப் படித்தேன், பரீட்சை அன்றைக்கு வெளிநாட்டு விருந்தினர் வந்தார்கள், நீ இல்லாமல் எப்படி ராஜ், அடுத்த முறை எழுதிக்கொள் என்றார். அடுத்த முறை வயசு தாண்டிவிட்டது. ஒருவரும் மனசறிந்து பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் சொன்னபோது நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னார்கள், பிறகு மாற்றலாகிப் போனார்கள், அவர்கள் சொன்னதும் அவர்களோடு போய்விட்டது. நான்தான் பிரிவு மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் சரி என்றேன். சரி சார். ஆகட்டும் சார். நன்றாகக் கைகட்டி நின்று சரி சொல்கிறவன் என்று எனக்கு நல்ல பெயர், நல்ல பெயர் இருக்கும் ஸ்டூவர்ட்டை யார் எலக்ட்ரிக்கலுக்கு விடுவார்கள்? இன்றைக்கு இந்த மேஜையை விட்டு மூன்று நிமிஷம் போனால் அந்த ஃபைல் மேலே போகாது. போகுமா? போகாது. போனாலும் போகலாம். எட்டு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை, அவர் மேஜைமேல் இருக்கிறது, பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெட்டி ஆபீசர் ஆகிப் பிரிவும் மாறிவிட்டால் ஊரில் சொன்னதெல்லாம் நிஜமாகிவிடும், ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. செல்வியிடம்கூட. இதை நினைத்தவுடன் காது சூடானது. அவளைத் தடுக்க வேண்டும் என்றுதானே நிற்கிறேன், அதற்கு நடுவில் இது எங்கிருந்து வந்தது?

ஒன்று முப்பத்தொன்று. தட்டுகளை எடுக்கலாம். வலது பக்கம், வலது பக்கம், வலது பக்கம். பதினொரு தட்டு, முள்கரண்டிகளை ஒரே திசையில் அடுக்கிச் சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனேன். பின்கதவு திறந்திருந்தது. முற்றத்தில் வெயில், வேப்ப மரம், அதற்கு அந்தப் பக்கம் மெஸ் அலுவலகத்தின் பச்சைக் கதவு. காவலுக்கு யாரும் இல்லை. கமாண்டர் கண்ணுக்கு இந்தக் கதவு தெரியாது. தட்டுகளைத் தொட்டியில் இறக்கிவிட்டு நின்றேன். இதை நான் பிறகு பல தடவை நினைத்துப் பார்ப்பேன் என்று அப்போதே தெரிந்தது. நாற்பது அடி இருக்கும். போய், செல்வி, இல்லன்னு போடு, எலக்ட்ரிக்கல் மட்டும்னு போடு, கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. அதோடு முடியாது. ஏன்ணே என்பாள். அவள் ஏன் என்று கேட்காமல் எதையும் விட்டவளே இல்லை. செகப்பு ஒயர் ஏன் இங்கிட்டு வருது? அந்த ஏனுக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், எட்டு வருஷமாகச் சொல்லாத வார்த்தை. சமையல்காரர் தலையைத் தூக்காமலே, "ஐஸ்கிரீம் உருகுதுப்பா, தூக்கு" என்றார். பதினொரு கண்ணாடிக் கிண்ணங்கள், ஓரத்தில் ஏற்கெனவே பளபளவென்று இளகி. யாரும் என்னைக் கட்டிப் போடவில்லை, யாரும் துப்பாக்கி காட்டவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். இடது பக்கம்.

அதற்கப்புறம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே நேரம் தெரிந்தது. அட்மிரல் ஐஸ்கிரீமை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார், உதட்டைத் துடைத்தார், விசிறியாக மடித்த நாப்கின் கசங்கி மேஜையில் விழுந்தது, நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. தாழ்வாரத்தில் காபி. போகிற வழியில் அவர் என்னைப் பார்த்து, "நன்றாக இருந்தது" என்றார். கமாண்டர் அவருக்குப் பின்னால் போகும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினார், அந்தத் தலையாட்டலில் கையெழுத்து இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பிரதானிடம் காபித் தட்டைக் கொடுத்துவிட்டு ஓடினேன். வேப்ப மரம், பச்சைக் கதவு, பிஸ்கட் டின். பதினேழு போன்களுக்கு நடுவில் என்னுடையதைத் தேடி எடுத்தேன். ஒன்று நாற்பத்தொன்பது. பதினொரு நிமிஷம் இருக்கிறது. போதும். கூப்பிட்டிருப்பாள், ஐந்து தடவை, ஆறு தடவை என்று நினைத்தேனே, ஒரு தடவைகூடக் கூப்பிட்டிருக்கவில்லை. அது ஏன் என்று யோசிக்காமல் அமுக்கினேன். நாலாவது மணியில் எடுத்தாள்.

"அண்ணே, சாப்ட்டியா?" என்றாள். இல்லை என்றேன். "செல்வி, அந்தக் கடைசிக் கட்டம்." "அதெல்லாம் போட்டாச்சுண்ணே. நீ போனை வச்ச ஒடனேயே ஆமான்னு போட்டு அனுப்பிச்சுட்டேன். பத்து நாப்பதுக்கெல்லாம் பதிவாயிருச்சுன்னு வந்துருச்சு, பிரிண்ட் எடுத்துட்டு வீட்டுக்கே வந்துட்டேன்." பின்னால் தறிச் சத்தம். ஆமாம், வீடுதான். "ரெண்டு மணி வரைக்கும் இருந்துச்சே, இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்ல?" "நீ சரின்னு சொன்னதுக்கப்புறம் வேற யார்ட்டக் கேக்க? அண்ணே, நான் ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். உள்ள போனதும் மொதல்ல என்ன சொல்லிக் குடுப்பாங்க? ஒயரிங்கா, மோட்டாரா? இப்பவே கொஞ்சம் படிச்சுக்கிறேன்." நான் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் அடியில் யாரோ கழுவிக் கவிழ்த்துப்போட்ட சூப் கிண்ணங்கள் காய்ந்துகொண்டிருந்தன. "பரிமாறும்போது இடது பக்கமா நிக்கணும்" என்றேன். "தட்டை எடுக்கும்போது வலது பக்கமா எடுக்கணும். மூச்சு அவங்க மேல படக் கூடாது. மொத வாரம் பூரா அதான்." சிரித்தாள். "வெளையாடாதண்ணே." "வெளையாடல செல்வி. நான் அதான் பண்றேன். எட்டு வருஷமா அதான். அந்தக் கட்டத்துல ஆமான்னு போட்டேன்." அவள் வாசலுக்கு நடந்து வந்திருக்க வேண்டும், தறிச் சத்தம் கொஞ்சம் குறைந்தது. மிக்ஸியும் ஃபேனும் ஆம்ப்ளிஃபயரும் ஒவ்வொன்றாக அவள் மனசில் திறந்து மூடுவது எனக்கு இங்கே கேட்கிற மாதிரி இருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப காலைல ஏண்ணே சரின்னு சொன்ன?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், சிவப்பு ஒயரைப் பற்றிக் கேட்ட அதே குரலில். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தாழ்வாரத்திலிருந்து கமாண்டர் குரல் வந்தது, "ராஜ், காபிக்குச் சர்க்கரை எங்கே?" நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, குதிகால் இரண்டும் தானாகச் சேர்ந்துகொண்டன. "எஸ் சார்" என்றேன், சத்தமாக, அவள் காதில். அவள் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.